14 பக்கம் எழுதினேன், ஒரு சாட்சியைக்கூடக் கேட்காமல் கேஸைத் தள்ளிவிட்டார்கள்

வாசகர் கேள்வி:

வணக்கம் லாயர் அம்மா. நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 61. லாரித் தொழில் செய்து ஓய்வு பெற்றவன். 2022-இல், எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் ஜார்ஜ்டவுனில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை திறக்க, என் ஈபிஎஃப் பணத்திலிருந்து இரண்டு தவணையாக 68,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். பத்திரம் எதுவும் எழுதவில்லை. மாதம் 500 வெள்ளி தருவதாகச் சொன்னார். நாலு மாதம் தந்தார், அப்புறம் நின்றுவிட்டது. இப்போது போனையும் எடுப்பதில்லை. போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். அது சிவில் விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். லாயருக்குச் செலவழிக்க மனம் வராமல், விஷயம் தெரிந்த நண்பர் ஒருவரின் துணையோடு நானே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ் போட்டேன். நடந்த அநியாயத்தை 14 பக்கத்தில் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன். எதிர்த்தரப்பு லாயர், கேஸை விசாரணைக்கு முன்பே ரத்து செய்யச் சொல்லி 'ஸ்டிரைக் அவுட்' மனு போட்டார். ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடாமல் கேஸைத் தள்ளிவிட்டார்கள். 2,000 வெள்ளி செலவுத்தொகை வேறு நான் கட்ட வேண்டுமாம். இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. வங்கி ரசீது இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, கூட இருந்து பார்த்த ஆளும் இருக்கிறார். கோர்ட் என்னை ஏன் நம்பவில்லை? கேஸ் செத்துவிட்டதா? சென்னையில் இருக்கும் மைத்துனர் "ஆர்டர் 7, ரூல் 11, திரும்பவும் போடலாம்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மருமகன், எழுதியது நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டும் என்று வேறு ஏதோ சொல்கிறார். மனு, உத்தரவு, வங்கி ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம். உங்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேஸ் சாகவில்லை. நீங்கள் அனுப்பிய உத்தரவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கோரிக்கை 'டிபாத்தால்கான்', அதாவது ரத்து, என்று எழுதியிருக்கிறது. அதே வரியின் கடைசியில் 'டெங்கான் கெபெபாசான் மெம்ஃபைல்கான் செமுலா' என்று இருக்கிறது. மறுபடியும் வழக்குப் பதிவு செய்துகொள்ளும் உரிமையோடு என்று பொருள். ரத்து என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு உடைந்து, அதற்கு மேல் நீங்கள் படிக்கவில்லை போலிருக்கிறது. இந்த நான்கு சொல் இருப்பதால் மேல்முறையீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதிய புது மனுவோடு மறுபடியும் போகலாம்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் உத்தரவில் இந்தச் சொற்கள் இல்லையென்றால், உடனே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மனு எழுதிய விதத்தில்தான் குறை என்றால் பெரும்பாலும் வழி இருக்கும். ஆனால், நீதிபதி விவகாரத்தையே ஆராய்ந்து முடிவு சொல்லியிருந்தால், 'இது முடிந்துபோன விஷயம்' என்று எதிர்த்தரப்பு அடுத்த வழக்கை வாசலிலேயே மறித்துவிடும். மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்ற முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள்தான் அவகாசம். வீட்டில் நாலு பேரைக் கலந்து பேசி முடிப்பதற்குள் அது ஓடிவிடும்.

இப்போது உங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறேன். "கோர்ட் என்னை ஏன் நம்பவில்லை" என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இந்த வரிதான். ஐந்து வாரமாக நீங்கள் இல்லாத ஓர் அவமானத்தைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். கோர்ட் உங்களைச் சந்தேகப்படவே இல்லை, ஐயா.

நம் நாட்டில் சிவில் வழக்குகள் 2012 நீதிமன்ற விதிகளின்படி நடக்கின்றன. அதில் ஆர்டர் 18, விதி 19 என்று ஒன்று உண்டு. நான்கு காரணங்களில் ஏதாவது ஒன்று இருந்தால், ஒரு தரப்பின் மனுவை விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் ரத்து செய்யலாம். வழக்குக்கான நியாயமான அடிப்படையே மனுவில் தெரியவில்லை என்பது முதல் காரணம். மனு அவதூறாகவோ, வெற்று வழக்காகவோ, தொந்தரவு கொடுப்பதற்காகவோ போடப்பட்டது என்பது இரண்டாவது. நேர்மையான விசாரணைக்கு அது இடைஞ்சலாக இருக்கும் என்பது மூன்றாவது. நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது நான்காவது. உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டதும் மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டதும் முதல் காரணத்தை.

அந்த முதல் காரணத்தை ஆராயும்போது நீதிபதி என்ன செய்கிறார் தெரியுமா? உங்கள் மனுவில் இருப்பது அத்தனையும் உண்மை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இவர் சொன்னது எல்லாமே நடந்ததாக இருக்கட்டும், இதை வைத்து இவருக்குச் சட்டப்படி நான் என்ன கொடுக்க முடியும்? இந்தக் கேள்விக்குச் சாட்சி தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நிற்காமல், இந்தக் காரணத்தின்கீழ் ஆதாரம் எதையும் ஏற்கவே கூடாது என்று அதே விதியின் இரண்டாம் பகுதி சொல்கிறது. நீங்கள் அஃபிடவிட்டோடு வங்கி ரசீதை இணைத்தீர்கள், சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய்க் கையெழுத்தும் போட்டீர்கள். முதல் காரணத்தைப் பொறுத்தவரை அந்த ரசீதைப் புரட்டிப் பார்க்க அவருக்கு வழியில்லை. அவர் முன்னால் இருந்தது உங்கள் 14 பக்கம் மட்டும்.

இது சுலபமாகச் செய்யக்கூடிய காரியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பண்டார் பில்டர் வழக்கில் 1993-இல் அன்றைய உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: பார்த்த மாத்திரத்தில் நிற்காது என்று தெரிகிற வழக்கை மட்டும்தான் இப்படி ரத்து செய்ய வேண்டும். பலவீனமான கேஸ், ஜெயிப்பது கஷ்டம் என்பதெல்லாம் காரணம் ஆகாது. இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன. அப்படியிருந்தும் உங்கள் மனு ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

நான் சேம்பரிங் (வழக்கறிஞர் ஆவதற்கு முந்தைய பயிற்சி) செய்த காலத்தில், என் சீனியரின் அலுவலகம் லெபோ பிஷப்பில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. நான் எழுதிக் கொண்டுபோகும் வரைவை அவர் பென்சிலும் கையுமாகப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் 'யார்? எப்போது? எவ்வளவு?' என்று எழுதுவார். பதில் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுவார். அந்த வருடம் முழுக்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை வைத்துத்தான் 20 வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் நிற்கிறேன். உங்கள் மனுவையும் பென்சிலோடுதான் படித்தேன்.

முதல் இரண்டு பக்கம் உங்கள் குடும்பமும் அவர் குடும்பமும் எப்படிச் சொந்தம், அவருடைய தகப்பனார் இறந்தபோது நீங்கள் எப்படி உதவினீர்கள் என்பது. மூன்றாம் பக்கத்திலிருந்து ஆறாம் பக்கம் வரை வாட்ஸ்அப் படங்கள், மொத்தம் 11. ஏழாம் பக்கத்தில் "பிரதிவாதி என் நம்பிக்கையைப் பயன்படுத்தி என்னைப் படுகுழியில் தள்ளினார்" என்ற வரி. எட்டாம் பக்கம் போலீஸ் ரிப்போர்ட். ஒன்பதும் பத்தும் அவருடைய மனைவியைப் பற்றி. எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். 68,000 என்ற எண் முதன்முதலாக வருவது 11-ஆம் பக்கத்தில். அதையும் "சுமார் 68,000" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பது எங்கேயும் இல்லை. அதைக் கடனாகக் கொடுத்தீர்களா, தொழிலில் பங்காகப் போட்டீர்களா என்பதும் இல்லை. எப்போது திருப்பித் தருவதாகப் பேச்சு என்பதும் இல்லை. கடைசிப் பக்கத்தில் "நீதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்கவே இல்லை, ஐயா. என்ன பரிகாரம் வேண்டும் என்பதை மனுவில் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும் என்று ஆர்டர் 18, விதி 15 கேட்கிறது.

மாஜிஸ்திரேட்டின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். இந்த 14 பக்கத்தையும் அப்படியே நம்பினாலும், ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கொடுத்தார், அது திரும்பி வரவில்லை, மனம் நொந்துபோனார் என்பதுதான் கையில் நிற்கும். பணம் கைமாறியது என்பதால் மட்டும் அதைத் திருப்பித் தரும் கடமை வந்துவிடாது. அன்பளிப்பாகவும் இருக்கலாம், முதலீடாகவும் இருக்கலாம், பழைய கடனை அடைத்ததாகவும் இருக்கலாம். அந்தக் கடமை எந்தப் பேச்சிலிருந்து பிறந்தது என்ற ஒரு வரிக்காகத்தான் அவர் பக்கம் பக்கமாகத் தேடியிருப்பார்.

அந்த வரி உங்கள் மனுவில் இருக்கத்தான் செய்கிறது. நான் கண்டுபிடித்தேன். ஐந்தாம் பக்கத்தில், ஏழாவது வாட்ஸ்அப் படத்தில், பொடி எழுத்தில்: "2023 முடியறதுக்குள்ள முழுசா குடுத்துடறேன்ணே." உங்கள் வழக்கின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைப் படத்துக்குள் விட்டுவிட்டு, படுகுழியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

மனுவில் எழுத வேண்டியது நடந்த விஷயங்களை. அவற்றை நிரூபிக்கும் ஆதாரங்களை அல்ல. அதுவும் சுருக்கமாக எழுத வேண்டும். ஆர்டர் 18, விதி 7 இதைத்தான் சொல்கிறது. 'இன்ன தேதிக்குள் திருப்பித் தருவதாகப் பிரதிவாதி ஒப்புக்கொண்டார்' என்பது நடந்த விஷயம். அந்த வாட்ஸ்அப் படம் அதை நிரூபிக்கும் ஆதாரம். அது விசாரணைக்கான ஆவணக் கட்டில் வர வேண்டியது. போலீஸ் ரிப்போர்ட்டும் அப்படித்தான். நம் ஆட்கள் பலர் ரிப்போர்ட் போட்டுவிட்டாலே பாதி கேஸ் ஜெயித்த மாதிரி நினைக்கிறோம். கடன் வழக்கில் அது நீங்கள் சொன்னதை நீங்களே இன்னொரு தடவை சொன்ன காகிதம், அவ்வளவுதான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் விட்டுப்போன புரியாத சடங்கு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. லெபோ பினாங்கில் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) நடந்த காலத்தில், பேரேட்டில் 'நம்பி ஏமாந்தேன்' என்று யாராவது எழுதியிருப்பார்களா? தேதி, பேர்வழி, பற்று, வரவு, பாக்கி. அந்த ஒரு வரியைப் பார்த்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று மூன்றாம் மனிதருக்கும் விளங்கும். உங்கள் மனு அந்தப் பேரேட்டு வரியைப் போல இருக்க வேண்டும்.

கடன் என்பதுதான் உண்மை என்றால், உங்கள் மனுவின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி வரும். தமிழில் தருகிறேன், நீதிமன்றத்துக்கு மலாயில் போக வேண்டும்.

"2022 பிப்ரவரி மாதம், பட்டர்வொர்த்தில் வாதியின் வீட்டில், வாதியும் பிரதிவாதியும் நேரில் பேசி வாய்மொழியாக உடன்பட்டனர். அதன்படி வாதி பிரதிவாதிக்கு 68,000 ரிங்கிட் கடன் தருவார். 2022 பிப்ரவரி 21 அன்று 40,000 ரிங்கிட்டையும் 2022 மே 10 அன்று 28,000 ரிங்கிட்டையும் வாதி பிரதிவாதியின் வங்கிக் கணக்கில் செலுத்தினார். முழுத்தொகையையும் 2023 டிசம்பர் 31-க்குள் திருப்பித் தருவதாகப் பிரதிவாதி 2022 ஜூனில் எழுத்து மூலம் உறுதியளித்தார். அந்தத் தேதி கடந்தும், வாதி கேட்டும், பிரதிவாதி தரவில்லை."

பிறகு கோரிக்கை: இவ்வளவு தொகை, வட்டி, செலவு. தீர்ப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கேட்பது வழக்கம். எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் வந்தால் அதிகம். தேதிகள் எனக்கு எப்படித் தெரிந்தன என்று யோசிக்கிறீர்களா? நீங்கள் அனுப்பிய வங்கி ரசீதுகளில் இருக்கின்றன. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், பத்திரம் இல்லை என்று பயப்பட வேண்டாம். ஆனால் யார், யாரிடம், எங்கே, எப்போது பேசினார்கள் என்று எழுத வேண்டும்.

'கடன் என்பதுதான் உண்மை என்றால்' என்றேன். அடுத்த சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றி நீங்கள் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மாதம் 500 ரிங்கிட் தருவதாகச் சொன்னார், நாலு மாதம் தந்தார் என்கிறீர்கள். அந்த 2,000 ரிங்கிட் என்ன பணம்?

அசலில் கழிப்பதற்காகத் தந்தது என்றால், பாக்கி 66,000 ரிங்கிட்தான். 68,000 கேட்டால் முதல் விசாரணையிலேயே உங்கள் வார்த்தையின் நாணயம் போய்விடும். கடைசியாகத் தந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கடனில் ஒரு பகுதியைக் கட்டினால், அந்த நாளிலிருந்து காலக்கெடு புதிதாக எண்ணப்படும்.

வட்டியாகத் தந்தது என்றால் வேறொரு கதவு திறக்கிறது. 1951 கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் தொழில் செய்பவரின் கடன் ஒப்பந்தத்தை அமல்படுத்த முடியாது. வட்டியோடு ஒரே ஒரு கடன் கொடுத்ததாக நிரூபித்தாலே, அவர் அந்தத் தொழில் செய்பவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வாழ்நாளில் ஒருவருக்கு மட்டும், சொந்தம் என்று கொடுத்தவர் நீங்கள் என்றால், அந்த அனுமானத்தை உடைக்க முடியும். ஆனால் எதிர்த்தரப்பு இதைக் கையில் எடுக்கும் என்று தெரிந்தே போக வேண்டும். ஆ லோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) மாதிரி உங்களையும் சித்திரிக்கப் பார்ப்பார்கள், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

லாபத்தில் பங்கு என்றால் வழக்கின் உருவமே மாறிவிடும். கடையில் பங்கு போட்டவர் லாபத்தில் மட்டும் கூட்டாளி இல்லை. கடை நஷ்டப்பட்டது என்று அவர் கணக்குக் காட்டினால், போட்ட பணத்தைக் கொடு என்று நேரடியாகக் கேட்க முடியாது. கணக்கைக் காட்டு, என் பங்கைப் பிரித்துக் கொடு என்றுதான் கேட்க முடியும்.

எது லாபமாக வருமோ அதைச் சொல்லலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டு வரவேற்பறையில் என்ன வார்த்தை பேசப்பட்டதோ அதை எழுதுங்கள். கூட இருந்தவரையும் தனியாகக் கேளுங்கள்; நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் அவர் நினைவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மனுவில் எழுதாத ஒன்றை வைத்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாது. எழுதியதிலிருந்து விசாரணையில் விலகினாலும் உங்களை அந்த எழுத்தை வைத்தே மடக்குவார்கள்.

'மோசடி' என்ற சொல்லை நீங்கள் ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆத்திரம் புரிகிறது. ஆனால் சட்டத்தில் அது கனமான சொல். மோசடி, பொய்யான உறுதிமொழி, நம்பிக்கை மோசம் போன்றவற்றைச் சொன்னால் விவரம் கொடுத்தே தீர வேண்டும் என்று ஆர்டர் 18, விதி 12 கட்டாயப்படுத்துகிறது. என்ன பொய் சொன்னார், எந்த நாளில் சொன்னார், சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரியும் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கடை திறக்கவே போவதில்லை என்று தெரிந்தே பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. கடை திறந்து, நடத்தி, நொடித்துப்போய், இப்போது முகம் காட்ட வெட்கப்படுகிறார் என்றால் அது கடன் பாக்கி. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கடை திறந்திருக்கிறது, எட்டு மாதம் நடந்தும் இருக்கிறது. மோசடியை விட்டுவிடுங்கள். உங்கள் பணம் திரும்பி வர அந்தச் சொல் தேவையே இல்லை.

அவருடைய மனைவியையும் விட்டுவிடுங்கள். அந்தப் பெண் உங்களிடம் கடன் வாங்கியதாகவோ ஜாமீன் நின்றதாகவோ ஒரு வரி இல்லை. அவருடைய குணத்தைப் பற்றி எழுதியதை எல்லாம் அவதூறு என்று நீதிமன்றம் வெட்டிவிடும். அதற்குச் செலவுத்தொகையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதில், தொழில்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் ஒரு சிறு கட்டணம் கட்டி, கடை எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எண்டர்பிரைஸ் என்றால் கடையும் அவரும் ஒன்றுதான். செண்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட்) என்றால் அந்த நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். கடன் வாங்கியது அவரா, நிறுவனமா என்று தெளிவாக்கிக்கொண்டுதான் பெயர் போட வேண்டும். பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போயிருப்பது உங்களுக்குச் சாதகம்.

முதல் வழக்கிலேயே இதைச் சரிசெய்திருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மனுப் பரிமாற்றம் முடிவதற்கு முன், நீதிமன்றத்தின் அனுமதி கேட்காமலே ஒருமுறை மனுவைத் திருத்திக்கொள்ள ஆர்டர் 20 இடம் தருகிறது. அதற்குப் பிறகும் அனுமதி கேட்டுத் திருத்தலாம். ஆர்டர் 18, விதி 19-இலேயே 'ரத்து செய்யலாம் அல்லது திருத்தச் சொல்லலாம்' என்றுதான் இருக்கிறது. எதிர்த்தரப்பின் ரத்து மனு வந்த அன்று, "குறை இருக்கிறது, திருத்த அவகாசம் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்டிருந்தால், இந்த 2,000 ரிங்கிட் செலவுத்தொகை மிச்சமாகியிருக்கக்கூடும். நீங்களோ "என் மனுவில் ஒரு குறையும் இல்லை" என்று வாதாடியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு ரத்து மனு போட்டால், கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர்கள் சுட்டிக்காட்டும் ஓட்டை உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எதிரி செலவழித்து நமக்குக் காட்டிக்கொடுக்கும் ஓட்டை அது.

மைத்துனர் சொன்னது தப்பில்லை, ஆனால் அது இந்தியச் சட்டம். அங்கே 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 7, விதி 11-இன்கீழ் மனு நிராகரிக்கப்பட்டால், விதி 13-இன்படி புது மனு போடலாம். நம் விதிகளில் ஆர்டர் 7 வேறு விஷயத்தைப் பற்றியது. மருமகன் சொல்வதும் அந்த நாட்டுக்குச் சரி. 2007-லும் 2009-லும் வந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகு, அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்கள், வாதி எழுதிய சம்பவங்கள் நம்பத்தகுந்த ஒரு கோரிக்கையாகச் சேருகின்றனவா என்று தொடக்கத்திலேயே பார்க்கின்றன. இங்கே அந்த அளவுகோல் இல்லை. நான் மேலே சொன்ன 1993 தீர்ப்புத்தான் நமக்கு. லெபோ லைட் நீதிமன்றத்தில் நின்றுகொண்டு சென்னைச் சட்டத்தைச் சொன்னால் உதவாது.

காலக்கெடுவைப் பார்ப்போம். 1953 காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடம். 2023 டிசம்பர் 31 என்ற தேதியை நிரூபித்தால் 2029 முடியும்வரை நேரம் இருக்கிறது. ஆனால் தேதி குறிக்காத கடன் இது, பணம் கைமாறிய நாளிலிருந்தே காலம் ஓடுகிறது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு. அப்படிப் பார்த்தால் முதல் தவணைக்கு 2028 பிப்ரவரியில் கெடு. அந்தத் தேதியைத்தான் உங்கள் கெடுவாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தான பழைய வழக்கு இந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைக்காது. இன்னும் நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். கூட இருந்தவரின் நினைவும் மங்கும், அந்தத் தம்பியின் கையில் இருக்கும் சொத்தும் கரையும்.

செலவுத்தொகையான அந்த 2,000 ரிங்கிட்டைக் கட்டிவிடுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். கட்டாமல் விட்டால் உங்கள்மீது அவர்கள் அமலாக்க நடவடிக்கை எடுக்க முடியும். பழைய செலவைக் கட்டாதவர் புது வழக்கோடு வருகிறார் என்று சொல்லும் வாய்ப்பையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். ரசீதை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இந்த முறை மனுவை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து எழுதுங்கள். முழு வழக்கையும் ஒப்படைக்க வசதி இல்லையென்றாலும், மனு எழுதுவதற்கு மட்டுமாவது கட்டணம் பேசிப் பாருங்கள். வருமானம் குறைவு என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்திலும் விசாரிக்கலாம். அங்கே வருமான வரம்பு உண்டு. வழக்கறிஞரிடம் போகும்போது 14 பக்கத்தையும் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக் கொண்டுபோங்கள்: என்று பேசினோம், என்று எவ்வளவு கொடுத்தேன், என்று எவ்வளவு வந்தது, என்று கடைசியாகக் கேட்டேன். கூடவே இரண்டு வங்கி ரசீது, உத்தரவின் நகல், அந்த ஏழாவது வாட்ஸ்அப் படம். போனை மாற்றுவதாக இருந்தால் அந்த உரையாடலை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், நாலு மாதமும் 500 ரிங்கிட் வாங்கியதை உங்கள் மனைவி தமிழில் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டைத் தேடி எடுங்கள். அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவோ, விட்டுப்போனதைச் சேர்க்கவோ வேண்டாம். முறைப்படி மலாய்க்கு மொழிபெயர்த்தால் அதை நீதிமன்றத்தில் காட்டலாம். அந்த 500-க்கு எதிரே அவர் 'வட்டி' என்று எழுதியிருக்கிறாரா, 'கடன் வரவு' என்று எழுதியிருக்கிறாரா, 'கடை லாபம்' என்று எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.